கருத்தாய்வில் விடுபட்ட விடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்களிடம் எடுக்கும் சின்னச் சின்னக் கருத்தாய்வுகளுக்குத் தரவைச் சுத்தம் செய்து கொடுப்பது எனக்குப் பாதி வேலை, பாதி வழக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் திட்டப்பணியோடு வருவார்கள். சமூக மன்றத் தொண்டூழியர்கள் படிவக் கட்டோடு வருவார்கள். யார் வந்தாலும் பேச்சு கடைசியில் எக்செல் தாளில் காலியாகக் கிடக்கும் கட்டங்களில் வந்து நிற்கும். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஓர் ஆய்வை மனத்தில் வைத்துக்கொள்வோம். 400 குடும்பங்கள். பிள்ளைகளின் தமிழ் வாசிப்பு, துணைப்பாடச் செலவு, வீட்டில் பேசும் மொழி, குடும்ப வருமானம் ஆகியவை பற்றி 20 கேள்விகள். கீழே ஆய்வின் பெயரால் வரும் எண்கள் எல்லாம் கணக்கு காட்டுவதற்காக நான் போட்டவை.

"அக்கா, காலிக் கட்டத்தை எதை வைத்து நிரப்புவது?"

எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஆனால் இதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது: அது ஏன் காலியாக இருக்கிறது?

நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். ஒருமுறை துணைப்பாடச் செலவுப் பத்தியில் நிறைய வெற்றிடம். நேரம் இல்லை. மென்பொருளிடம் கொடுத்து நிரப்பச் சொல்லிவிட்டேன். முடிவை அச்சடித்த பிறகு ஒரு வரியைத் தற்செயலாகப் பார்த்தேன். அறுபத்தெட்டு வயதுக் கணவர், அறுபத்து நான்கு வயது மனைவி, பிள்ளைகள் பூஜ்யம், மாதத் துணைப்பாடச் செலவு 240 வெள்ளி. மென்பொருள் ஒரு தப்பும் செய்யவில்லை. "இந்த வருமானம், இந்த வட்டாரம், இந்த வகை வீடு என்றால் இவ்வளவு செலவு இருக்கும்" என்று ஊகித்திருக்கிறது. அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டிய விடை எதுவும் தொலைந்துபோகவில்லை, அந்தக் கேள்வியே அவர்களுக்கு உரியதல்ல என்று அதற்குச் சொல்லாமல் விட்டது நான்தான்.

சரி, காலியில் எத்தனை வகை?

என் கணக்கில் ஐந்து. பொருந்தாதது, தெரியாதது, சொல்ல விரும்பாதது, கண்ணில் படாமல் விட்டது, படிவத்தில் இருந்தும் தட்டச்சில் தவறியது. ஐந்துக்கும் ஐந்து குறியீடு வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே வெற்றிடமாகப் பதிந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

இதோடு நம்மவர்களுக்கென்றே ஒன்று உண்டு, சின்னக் கோடு. "சென்ற மாதம் பிள்ளை வாசித்த தமிழ்ப் புத்தகங்கள் எத்தனை?" என்று கேட்டால், கொஞ்சம் வயதானவர்கள் பூஜ்யம் போட மாட்டார்கள். கடைக்கணக்கில் போடுவதுபோல ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். எழுதியவருக்கு அது 'ஒன்றுமில்லை', அதாவது பூஜ்யம். தட்டச்சு செய்பவருக்கு அது வெற்றிடம். பூஜ்யங்கள் எல்லாம் காணாமல் போனால் சராசரி வாசிப்பு ஏறிக்கொண்டே போகும், அறிக்கையில் நம் பிள்ளைகள் எல்லாரும் புத்தகப் புழுக்கள் ஆகிவிடுவார்கள். கோட்டுக்குத் தனிக் குறியீடு கொடுங்கள். பூஜ்யமாக்குவதா வேண்டாமா என்பதைப் பக்கத்துக் கேள்விகளைப் பார்த்துப் பிறகு முடிவு செய்யலாம்.

கேள்வியின் தமிழும் காரணமாக இருக்கும். "இல்ல உறுப்பினர்கள் எத்தனை பேர்?" என்று அச்சடித்திருந்த ஒரு படிவத்தில் அந்தக் கேள்வி மட்டும் தமிழ்ப் பதிப்பில் ஏகப்பட்ட இடங்களில் காலி. ஒரு பாட்டியிடம் கேட்டேன். "உறுப்பினர் இல்லைன்னுதானே போட்டிருக்கு, நான் எந்தச் சங்கத்துலயும் இல்லையே" என்றார். இல்லம் என்ற பொருளில் எழுதிய 'இல்ல' அவர் கண்ணுக்குப் பேச்சுவழக்கு 'இல்ல' ஆகிவிட்டது. "உங்கள் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று எழுதியிருந்தால் தீர்ந்தது.

விடை இல்லாத இடத்தில் 99 என்று போடலாமா?

போடலாம், அந்த எண் உண்மை விடையாக வரவே முடியாது என்றால். வயதுக்கு 99 போடாதீர்கள். ஒன்பது பேரின் சராசரி வயது 42, பத்தாமவர் வயது சொல்லவில்லை என்று வையுங்கள். அவருக்கு 999 போட்டுவிட்டு மென்பொருளிடம் சொல்ல மறந்தால் சராசரி 137.7 என்று வரும். பார்த்தவுடன் சிரித்துவிட்டுத் திருத்துவீர்கள். 99 போட்டு மறந்தால் 47.7 வரும். அதைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள், அப்படியே அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கழித்தல் எண்கள் பாதுகாப்பானவை: கழித்தல் 7 பொருந்தாது, கழித்தல் 8 தெரியாது, கழித்தல் 9 சொல்ல விரும்பவில்லை என்பதுபோல.

"பொருந்தும் அனைத்தையும் குறிக்கவும்" கேள்வியில் குறிக்காமல் விட்டால் அது 'இல்லை'யா, காலியா?

கருத்தாய்வில் எனக்குப் பிடிக்காத கேள்வி வடிவம் இது. தமிழ் எங்கே காதில் விழுகிறது என்று கேட்டு, வீடு, பள்ளி, கோயில், வானொலி, தேக்கா ஈரச்சந்தை என்று ஐந்து பெட்டி வைக்கிறீர்கள். ஒருவர் கோயிலை மட்டும் குறித்திருந்தால் மற்ற நான்கும் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளலாம். கேள்வியைப் படித்திருக்கிறார், ஒரு பெட்டியைத் தேர்ந்திருக்கிறார். ஐந்தையுமே குறிக்காதவர்? தமிழே காதில் விழாதவராக இருக்கலாம், அல்லது அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனவராக இருக்கலாம். தரவைப் பார்த்து இதைச் சொல்ல வழியே இல்லை. படிவம் அச்சுக்குப் போகும்முன் "இவற்றில் எதுவுமில்லை" என்று ஆறாவது பெட்டி ஒன்று வைத்திருந்தால் சிக்கல் இல்லை. அது வைக்காமல் ஆய்வு முடிந்துவிட்டதா? ஐந்தும் காலியான வரிகளை விடுபட்டவையாகவே வையுங்கள், எத்தனை என்று அறிக்கையில் சொல்லுங்கள்.

'குடும்பப் பெயர்' பத்தி பாதிக்கு மேல் காலி. படிவமே கெட்டுவிட்டதா?

இல்லை, நம் பெயர்தான் அந்தப் பத்தியில் அடங்கவில்லை. நம்மில் பலருக்கு இருப்பது தன் பெயரும் தந்தை பெயரும். அடையாள அட்டையில் நடுவே 'த/பெ'க்கான ஆங்கிலச் சுருக்கம் இருக்கும். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாதவர் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்? சிலர் தந்தை பெயர் போடுவார்கள், சிலர் புள்ளி வைப்பார்கள், சிலர் தன் பெயரையே இரண்டு முறை எழுதுவார்கள். முழுப் பெயருக்கு ஒரே கட்டம் போதும். இதைப் பொருந்தாதது என்று குறித்துவிட்டு நகருங்கள்.

எம்சிஏஆர், எம்ஏஆர், எம்என்ஏஆர் என்கிறார்களே, என்ன அது?

டொனால்ட் ரூபின் 1976இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வளர்ந்த பிரிவினை. விடை விடுபடுவதற்கும் தரவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறது. பெயர்கள் குழப்பும், ஆனால் மூன்றையும் ஒரே படிவக் கட்டில் காட்டலாம்.

ஒரு கட்டில் ஒன்பது படிவங்களில் 11 முதல் 18 வரையுள்ள கேள்விகள் மொத்தமாகக் காலி. மற்ற கேள்விகள் எல்லாம் ஒழுங்காக நிரப்பியிருக்கின்றன. படிவங்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஸ்டேப்ளர் பின் அடித்தபோது இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. புரட்டினால் இரண்டு பக்கமும் சேர்ந்தே போகும். பின் அடித்த இயந்திரத்துக்கு யார் பணக்காரர், யார் வீட்டில் தமிழ் பேசுகிறார் என்று தெரியாது. விடுபட்டதற்கும் விடைக்கும் சம்பந்தமே இல்லை. இது எம்சிஏஆர், முற்றிலும் தற்செயல்.

அடுத்து, வருமானக் கேள்வி. 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் அதிகம் விட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரே வயதுக்காரர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், விட்டவர்களுக்கும் விடாதவர்களுக்கும் வருமானத்தில் வேறுபாடு இருக்கக் காரணமில்லை என்று வையுங்கள். வயது நம்மிடம் இருக்கிறது, அதைக் கொண்டு சரிக்கட்டலாம். இது எம்ஏஆர், அதாவது 'தற்செயலாக விடுபட்டது'. பெயரில் 'தற்செயல்' என்று இருந்தாலும் நாம் தினமும் சொல்லும் தற்செயல் இல்லை இது. "கையில் உள்ள தகவலால் விளக்கிவிடக்கூடிய விடுபடல்" என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, "வாரத்தில் எத்தனை நாள் பிள்ளையோடு தமிழில் பேசுகிறீர்கள்?" சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியச் சமூகத்தில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010இல் 36.7 விழுக்காடு, 2020இல் 29.2 விழுக்காடு. அதே காலத்தில் ஆங்கிலம் 41.6இலிருந்து 59.2 ஆனது. இந்தச் சூழலில் தமிழ் ஆர்வலர் ஒருவர் வாசலில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால், பேசாத பெற்றோருக்குச் சங்கடம். பேனா அந்தக் கேள்வியைத் தாண்டிவிடும். விடை பூஜ்யமாக இருப்பதே விடை விடுபடுவதற்குக் காரணம். இது எம்என்ஏஆர், அதாவது 'தற்செயலாக விடுபடாதது'. மூன்றிலும் கஷ்டமானது இதுதான். காரணம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கட்டம்தான் காலி.

என் தரவு இதில் எந்த வகை என்று மென்பொருள் சொல்லுமா?

ஓரளவுதான். ராட்ரிக் லிட்டில் 1988இல் தந்த ஒரு சோதனை இருக்கிறது. 'முற்றிலும் தற்செயல் என்பதற்கு எதிராகச் சான்று உண்டா' என்று அது பார்க்கும். ஆய்வில் சேர்ந்தவர்கள் குறைவாக இருந்தால் சான்று இருந்தும் பிடிபடாமல் போகலாம். எம்ஏஆரா எம்என்ஏஆரா என்பதைத் தரவை மட்டும் வைத்து எந்தச் சோதனையாலும் பிரிக்க முடியாது. அதற்குத் தேவையான எண்தானே நம்மிடம் இல்லை.

அதனால் நான் செய்வது கொஞ்சம் துப்பறியும் வேலை. ஒவ்வொரு கேள்விக்கும் '1 காலி, 0 நிரம்பியது' என்று ஒரு துணைப் பத்தி போடுவேன். அதை வயது, வீட்டு வகை, படிவ மொழி, நேர்காணல் நடந்த நாள், நேரம், எடுத்த தொண்டூழியர் என்று ஒவ்வொன்றோடும் குறுக்கு அட்டவணை போட்டுப் பார்ப்பேன். ஈசூனில் எடுத்த ஒரு தொகுப்பில் ஒரே தொண்டூழியரின் படிவங்களில் மட்டும் வருமானம் வரிசையாகக் காலி. அவரிடம் விசாரித்தால், "சம்பளம் கேட்க எனக்கே கூச்சமா இருந்துச்சு அக்கா, அதான் நானே தாண்டிட்டேன்" என்றார். நல்ல பையன். மறுத்தது குடும்பங்கள் அல்ல, கேட்கவே இல்லை. பின் அடித்த இயந்திரம் மாதிரிதான் அந்தக் கூச்சமும். ஆனால் அவர் எந்தப் புளோக்குகளுக்குப் போனார் என்பதையும் பார்க்க வேண்டும், ஒரே வகை வீடுகளுக்கு மட்டும் போயிருந்தால் அது தற்செயல் ஆகாது.

வெளிநாட்டு ஊழியர் தங்கும்விடுதியில் சம்பளம் கேட்ட படிவங்களானால் வேறு கதை. மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றாரா என்பதைப் படிவத்தில் பதியச் சொல்லுங்கள். பின்னால் அந்த ஒரு பத்தி நிறைய விளக்கும்.

காலி உள்ள வரிகளை நீக்கிவிட்டால் வேலை முடிந்துவிடுமே?

முடியும், ஆய்வும் சேர்ந்து முடியும். 20 கேள்விகளில் ஒவ்வொன்றிலும் 5 விழுக்காடு மட்டும் காலி, அதுவும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் என்று வைத்துக்கொள்வோம். 0.95ஐ இருபது முறை பெருக்கினால் 0.358. 400 படிவங்களில் முழுமையானவை சுமார் 143தான் மிஞ்சும். வாரயிறுதியெல்லாம் மாடி ஏறி இறங்கி எடுத்த படிவங்களில் பாதிக்கு மேல் குப்பைக்கு. மிஞ்சிய 143 பேர் எப்படிப்பட்டவர்கள்? பொறுமை உள்ளவர்கள், நேரம் உள்ளவர்கள், தமிழ் தடையின்றிப் படிக்கத் தெரிந்தவர்கள். தமிழ் வாசிப்பைப் பற்றிய ஆய்வில் கடைசிச் சங்கதி எவ்வளவு விபரீதம் என்று சொல்ல வேண்டியதில்லை.

நீக்கவே கூடாது என்பதல்ல. காலி மிகக் குறைவு, காரணம் பின் அடித்த தாள் மாதிரி தற்செயல் என்று தெரிந்தால் நீக்குவதில் தவறில்லை. ஒரு கேள்வியின் விழுக்காட்டை மட்டும் சொல்ல அந்தக் கேள்விக்கு விடை தந்தவர்களை எடுத்துக்கொள்வதும் நடைமுறைதான், எத்தனை பேர் என்று பக்கத்தில் எழுதினால்.

சராசரியைப் போட்டு நிரப்பினால்?

வேண்டாம். ஐந்து குடும்பங்களில் மூன்று சொன்ன துணைப்பாடச் செலவு 100, 200, 600 வெள்ளி. சராசரி 300. மற்ற இரண்டுக்கும் 300 போட்டால் சராசரி மாறாது, அழகாகத்தான் இருக்கும். ஆனால் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, 265இலிருந்து 187க்கு இறங்கிவிடும். குடும்பங்களுக்கு இடையே இருக்கும் ஏற்றத்தாழ்வைக் கையால் அழித்துவிட்டோம். வருமானத்துக்கும் துணைப்பாடத்துக்கும் உள்ள தொடர்பும் நீர்த்துப்போகும், ஏனென்றால் எந்த வருமானக்காரருக்கும் அதே 300தான்.

பிறகு எதைத்தான் செய்வது?

பன்முறை நிரப்பல். மல்டிபிள் இம்ப்யூட்டேஷன் என்பார்கள், இதுவும் ரூபின் கொண்டுவந்ததுதான். காலிக் கட்டத்துக்கு ஒரே ஒரு எண்ணைப் போட்டுவிட்டால் மென்பொருள் அதை உண்மை விடை என்றே நம்பிவிடும். அதனால் ஒரே தாளுக்குப் பல பிரதிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் காலிக் கட்டத்தைக் கொஞ்சம் வேறுபட்ட, நம்பத்தகுந்த எண்களால் நிரப்புகிறோம். ஒவ்வொரு பிரதியிலும் அதே கணக்கைப் போடுகிறோம். கடைசியில் விடைகளைச் சேர்க்கிறோம். பிரதிக்குப் பிரதி விடை எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு நமக்குத் தெரியாது என்று பொருள்.

கணக்கைப் பார்த்துவிடலாம். ஐந்து பிரதிகளில் சராசரிச் செலவு 310, 325, 300, 318, 322 என்று வந்தது. அவற்றின் சராசரி 315, அதுவே நம் விடை. ஒவ்வொரு பிரதிக்குள்ளும் திட்டப் பிழை, அதாவது அந்தச் சராசரி எவ்வளவு தள்ளிப்போகக்கூடும் என்ற அளவு, 20 என்று வையுங்கள். அதன் வர்க்கம் 400. பிரதிகளுக்கு இடையே உள்ள ஆட்டம்: 315இலிருந்து விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 408, நான்கால் வகுத்தால் 102. பிரதிகள் ஐந்துதான் என்பதால் அதை ஒன்றும் ஐந்தில் ஒரு பங்குமாக, அதாவது 1.2ஆல் பெருக்கி 400உடன் கூட்டினால் 522.4. வர்க்கமூலம் சுமார் 22.9. ஒரே முறை நிரப்பியிருந்தால் 20 என்று நம்பியிருப்போம். அந்த 2.9தான் நமக்குத் தெரியாததற்கு நாம் கொடுக்கும் விலை.

எத்தனை பிரதி? பழைய பழக்கம் மூன்று முதல் ஐந்து. இப்போது கணினிக்குச் சிரமமில்லை. 30 விழுக்காடு காலி என்றால் 30 பிரதி என்று வைத்துக்கொண்டால் போதும். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் நெதர்லாந்தின் ஸ்டெஃப் வான் பியூரன் முன்னின்று உருவாக்கிய மைஸ் தொகுப்பு இதற்குப் பெயர்பெற்றது. நீங்கள் சொல்லாவிட்டால் அது ஐந்து பிரதிதான் எடுக்கும்.

நிரப்பும் கணக்கில் எந்தெந்தக் கேள்விகளைச் சேர்ப்பது?

பின்னால் பகுப்பாய்வில் பயன்படுத்தப்போகும் அத்தனையும். முக்கியமாக, நீங்கள் விளக்கப்போகும் விளைவையும் சேர்க்க வேண்டும். "விடையை வைத்துக் கேள்வியை நிரப்புவது ஏமாற்று இல்லையா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை. சேர்க்காவிட்டால் நிரப்பிய வரிகளில் இரண்டுக்கும் தொடர்பே இல்லாததுபோல எண்கள் வரும், கண்டுபிடிக்க வந்த தொடர்பு மெலிந்துவிடும். விடுபடுவதை விளக்கும் வயது, படிவ மொழி போன்றவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொருந்தாதவர்களை முதலில் தனியே எடுத்துவைத்துவிடுங்கள். அந்த 240 வெள்ளித் தம்பதியை நான் இன்னும் மறக்கவில்லை.

'ஹாட் டெக்' என்று ஒரு முறை இருக்கிறதாமே?

காலி உள்ளவரைப் போலவே இருக்கும் இன்னொருவரின் விடையைக் கடன் வாங்கிப் போடுவது. அதே வயது, அதே வகை வீட்டில் இருக்கும் ஒருவர். அட்டையில் துளையிட்டுக் கணினிக்குத் தரவு கொடுத்த காலத்துப் பெயர், அட்டைக் கட்டிலிருந்து எடுத்துப் போட்டதால் 'டெக்'. இதில் ஒரு நன்மை, வரும் எண் நிஜ மனிதர் ஒருவர் சொன்னது. அதனால் கழித்தல் வருமானம், இரண்டரைப் பிள்ளை போன்ற அபத்தங்கள் வராது. மைஸ் எண்களுக்குத் தானாகப் பயன்படுத்தும் முறையும் கிட்டத்தட்ட இதே குணம் கொண்டது. ஊகித்த மதிப்புக்கு நெருக்கமான சிலரைப் பிடித்து, அவர்களில் ஒருவரின் உண்மை விடையைப் போடும்.

மென்பொருளில் எங்கே வழுக்கி விழுவேன்?

ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில். எக்செல் சராசரிச் சூத்திரம் காலிக் கட்டத்தைத் தவிர்த்துவிடும். ஆனால் இரண்டு கட்டங்களைக் கூட்டல் குறி போட்டுக் கூட்டினால் காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஸ்டேட்டாவில் விடுபட்ட மதிப்பு எந்த எண்ணையும்விடப் பெரியது. "5,000 வெள்ளிக்கு மேல் சம்பாதிப்பவர்கள்" என்று தேர்ந்தெடுத்தால் வருமானம் சொல்லாத அத்தனை பேரும் உயர்வருமானக்காரர்கள் ஆகி வரிசையில் வந்து நிற்பார்கள். எஸ்பிஎஸ்எஸ்ஸில் கழித்தல் 9ஐ விடுபட்ட மதிப்பு என்று நீங்களே அறிவிக்க வேண்டும். பைத்தானில் பாண்டாஸ், எல்லாம் காலியான பத்தியைக் கூட்டினால் பூஜ்யம் என்று சொல்லும், அதிர்வெண் எண்ணும்போது காலியைச் சொல்லாமல் விட்டுவிடும். ஆர் மட்டும் நேர்மையாக முரண்டுபிடிக்கும்: ஒன்று காலியானாலும் சராசரி தர மாட்டேன் என்னும். அதே ஆர், ரிக்ரஷன் (ஒன்றைக் கொண்டு இன்னொன்றை விளக்கும் தொடர்புக் கணக்கு) போடும்போது காலி வரிகளை ஓசையில்லாமல் தள்ளிவிடும். அதனால் முடிவோடு எத்தனை வரிகள் கணக்கில் சேர்ந்தன என்பதை எப்போதும் பாருங்கள்.

வருமானத்தை மறைப்பவர்களே அதிகம் சம்பாதிப்பவர்கள் என்றால் பன்முறை நிரப்பல் காப்பாற்றுமா?

தானாகக் காப்பாற்றாது. சாதாரணமாக அது எம்ஏஆர் என்று நம்பித்தான் நிரப்புகிறது. அப்போது செய்யக்கூடியது, நம் சந்தேகத்தையே கணக்கில் போட்டுப் பார்ப்பது. நிரப்பிய வருமானங்களை மட்டும் 10 விழுக்காடு கூட்டி முடிவைப் பாருங்கள், பிறகு 20, 30. எந்த இடத்தில் உங்கள் முடிவு கவிழ்கிறது? 30 கூட்டியும் நிலைத்து நின்றால் தைரியமாகச் சொல்லலாம். 10லேயே கவிழ்ந்தால் அந்த முடிவை அறிக்கைத் தலைப்பில் போடாதீர்கள்.

ஆம், இல்லை கேள்விக்கு இன்னும் எளிய வழி உண்டு. பிள்ளை வாரம் ஒருமுறையாவது தமிழில் வாசிக்கிறதா? 400 பேரில் 280 ஆம், 60 இல்லை, 60 காலி. விடை தந்தவர்களில் 82.4 விழுக்காடு ஆம். காலியான 60 பேரும் 'இல்லை' என்றால் 70, எல்லாரும் 'ஆம்' என்றால் 85. உண்மை 70க்கும் 85க்கும் நடுவில். சங்கடத்தால் விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் அது 70 பக்கம் சாயும். 82.4 என்று ஒற்றை எண்ணைத் தூக்கிக் காட்டுவதைவிட இந்த இடைவெளியைக் காட்டுவது எனக்கு நிம்மதி.

அடுத்த முறை வருமானத்தை எண்ணாகக் கேட்காதீர்கள். '2,000 வெள்ளிக்குக் கீழ்', '2,000 முதல் 3,999' என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து போட்ட அட்டையை நீட்டி "எந்த எழுத்து?" என்று கேளுங்கள். எண்ணை வாயால் சொல்ல மறுப்பவர் இரும்புக் கதவுக் கம்பிக்கு நடுவே விரலை நீட்டி எழுத்தைத் தொட்டுக் காட்டிவிடுவார்.

படிவத்தையே வாங்காதவர்கள், கதவே திறக்காதவர்கள்?

அது கட்டம் காலி இல்லை, ஆளே காலி. அதற்கு நிரப்பலைவிட எடை போடுவதுதான் வழக்கம். உங்கள் மாதிரியில் வீட்டில் தமிழ் பேசுவோர் 70 விழுக்காடு என்றால், மேலே சொன்ன 29.2ஐ நினைத்துப் பாருங்கள். தமிழில் அச்சடித்த படிவத்தைத் தமிழ் பேசுவோர்தான் ஆர்வமாக வாங்கியிருப்பார்கள். கணக்கெடுப்பின் வயது, வீட்டு வகை, மொழி விகிதங்களுக்கு ஏற்ப, குறைவாக வந்தவர்களுக்குக் கூடுதல் எடை தரலாம். ஒரு கவனம்: அந்த மொழி எண்கள் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அடங்கிய, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியர்கள் அனைவரையும் பற்றியவை. அதில் மலையாளிகளும் பஞ்சாபியரும் உண்டு, வேலை அனுமதியில் வந்த ஊழியர்கள் இல்லை. தங்கும்விடுதி ஆய்வுக்கு அந்த எடையைப் போட்டால் அர்த்தமே கிடையாது.

திரும்பத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டால்?

நிரப்புவதைவிட நல்லதுதான், அவர்கள் அதற்குச் சம்மதித்து எண் தந்திருந்தால். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இலிருந்து இருக்கிறது. வேறு காரியத்துக்குத் தந்த எண்ணை இதற்கு எடுக்காதீர்கள். படிவங்களைப் பொருத்திப் பார்க்க அடையாள அட்டை எண்ணை வாங்கும் பழக்கத்தையும் விடுங்கள். சட்டப்படி தேவைப்பட்டாலோ அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர அமைப்புகள் அதைக் கேட்டு வாங்கக் கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. படிவத்துக்கு நீங்களே ஒரு வரிசை எண் போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை விழுக்காடு காலியானால் கைவிட வேண்டும்?

கோடு கிழிக்க மாட்டேன். காரணம் தெரிந்த 40 விழுக்காட்டைச் சமாளிக்கலாம். காரணம் தெரியாத 10 விழுக்காடு தூக்கத்தைக் கெடுக்கும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லலாமா?

ஆர் நிரலை எழுத உதவி கேளுங்கள், தப்பில்லை. விடைகளை எழுதித் தரச் சொல்லாதீர்கள். எதை வைத்து அந்த எண் வந்தது என்று உங்களால் யாருக்கும் சொல்ல முடியாது, மக்களின் சம்பள விவரமும் வெளியே போய்விடும்.

அறிக்கையில் எவ்வளவு எழுத வேண்டும்?

ஒவ்வொரு அட்டவணைக்குக் கீழும் எத்தனை பேர் விடை தந்தார்கள் என்பது. எந்தக் கேள்வியில் எத்தனை காலி, வகை வகையாக. எப்படி நிரப்பினீர்கள், எத்தனை பிரதி, எந்தக் கேள்விகளைச் சேர்த்தீர்கள். நிரப்பாமல் போட்ட கணக்கு என்ன சொல்கிறது. அரைப் பக்கம் போதும்.

ஒருவர் வருமானக் கட்டத்தில் "வீட்டுக்காரரைக் கேட்கவும்" என்று எழுதியிருக்கிறார். இதை எப்படிப் பதிவது?

எனக்கு மிகவும் பிடித்த விடை இது. மறுப்பும் இல்லை, அலட்சியமும் இல்லை. தெரியாது என்ற குறியீட்டுக்குள் தள்ளிவிடலாம்தான். நான் தனியாக ஒரு குறியீடு கொடுத்து, எழுதிய வாசகத்தையும் அடுத்த பத்தியில் அப்படியே தட்டச்சு செய்து வைப்பேன். ஒரே தொகுப்பில் இப்படி ஏழெட்டு வந்தால், குடும்ப வருமானத்தை அந்த வீடுகளில் யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. அதோடு, வீட்டுச் செலவு பற்றிய மற்ற கேள்விகளுக்கு அவர் தந்த விடைகளையும் ஒருமுறை கவனமாகப் பார்ப்பேன்.